ஒத்தை ரிங்காரரின் ஐந்து எண்கள்

அவருக்கு முகத்துக்கு நேரே ஒரு பெயர், முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர். முகத்துக்கு நேரே மோட்டார் அண்ணன். தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது தொழில் என்பதால் அது பொருத்தம்தான். முதுகுக்குப் பின்னால் ஒத்தை ரிங். இது அதைவிடப் பொருத்தம். வேலைக்கு வந்த வீட்டின் வாசலில் நின்றுகொண்டு கதவைத் தட்ட மாட்டார், அழைப்பு மணியை அழுத்த மாட்டார். ஃபோனில் ஒரே ஒரு ரிங் விட்டுத் துண்டித்துவிடுவார். உள்ளே இருப்பவர்கள் ஆள் வந்தாயிற்று என்று புரிந்துகொண்டு கதவைத் திறக்க வேண்டும். இரண்டு ரிங் என்றால் சாமான் வாங்கப் போகிறார், வர நேரமாகும். மூன்று ரிங் என்றால் வேலை முடிந்தது, சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாம். மொட்டை மாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே இப்படி மூன்று ரிங்கில் கீழே உள்ள வீட்டுக்காரர்களை வேலை வாங்குகிற திறமை அவருக்கு இருந்தது.

கஞ்சன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. மகளை வெளியூரில் விடுதியில் தங்க வைத்துப் படிக்க வைத்தார். மோட்டாருக்குச் சுற்றுகிற செம்புக் கம்பியில் மட்டமான சரக்கைத் தொடவே மாட்டார். பேச்சுக்குக் காசு கொடுப்பது மட்டும்தான் அவருக்கு ஆகாது. எனக்கு வாய் இருக்கிறது, உனக்குக் காது இருக்கிறது, நடுவில் இருப்பது வெறும் காற்று, இதில் கம்பெனிக்காரனுக்கு எதற்குப் பங்கு என்று கேட்பார். சிம் செத்துப்போகாமல் இருக்க எப்போதாவது போட்டே தீர வேண்டிய குறைந்தபட்ச ரீசார்ஜைப் போடுவார். அதுவும் செலவாகாமல் பாலன்ஸில் போய்ச் சேர்ந்துகொள்ளும். பதினாறு வருஷமாக அந்தப் பாலன்ஸ் ஏறிக்கொண்டே வந்ததே தவிர இறங்கியது கிடையாது. பெற்ற பிள்ளை வளர்வதைப் பார்க்கிற சந்தோஷத்தோடு அவர் அதை அவ்வப்போது பார்த்துக்கொள்வார்.

வீட்டிலும் இதே சட்டம்தான். அவர் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்தாள். ஒரு ரிங் வந்தால் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு வந்தால் மதியம் சாப்பாட்டுக்கு வர மாட்டார். மூன்று வந்தால் அவளே கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், வீட்டுச் சாவி எங்கே என்பது மாதிரி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நாள் முழுக்க ஃபோனில் பேசுவதே தொழிலாக உள்ள அவளுக்கு, கணவனிடமிருந்து வருகிற அழைப்பை எடுக்கக் கூடாது என்பது முதல் ஒன்றிரண்டு வருஷம் கஷ்டமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

அந்த எண்ணின் அருமை என்னவென்றால், அதுதான் அவருடைய கடை. நிஜக் கடை என்று இருந்தது, ஒரு டயர்க் கடையின் பக்கவாட்டில் ஷட்டர் போட்ட சின்ன அறை. பெயர்ப் பலகைகூடக் கிடையாது. ஆனால் பழுது பார்த்த ஒவ்வொரு மோட்டாரின் முதுகிலும் தகட்டில் வெட்டிய அச்சை வைத்து மஞ்சள் பெயிண்டில் தன் எண்ணை அடித்துவிடுவார். எழுநூறு எண்ணூறு மோட்டார்களாவது இருக்கும். மோட்டார் ஓடாமல் நின்ற அன்று யாரும் பெயரைத் தேடுவதில்லை, குனிந்து அந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். எண் போனால் சோறு போனது மாதிரி.

அது ஒரு திங்கட்கிழமை போயிற்று. நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தொட்டியில் இறங்கி உறிஞ்சுகுழாயின் அடி வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார். தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதே என்று ஃபோனையும், ஸ்பேனரையும், தொப்பியையும் மதில்மேல் வரிசையாக வைத்துவிட்டு இறங்கியிருந்தார். மேலே ஏறி வந்தபோது ஸ்பேனர் இருந்தது, தொப்பியும் இருந்தது. அந்தத் தொப்பியைத் திருடன்கூடச் சீண்டவில்லை.

குடியிருப்பே கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆச்சரியமாக, எல்லாமே சரியான யோசனைகள். முதல் மாடி வங்கிக்காரர், உடனே கம்பெனிக்குச் சொல்லி சிம்மை முடக்க வேண்டும் என்றார். இரண்டாம் மாடிக் கல்லூரி மாணவி, ஒவ்வொரு ஃபோனுக்கும் பதினைந்து இலக்கத்தில் ஓர் அடையாள எண் உண்டு, அது ஃபோன் வந்த பெட்டியில் இருக்கும், அதை எடுத்து வையுங்கள் என்றாள். கீழ் வீட்டு அம்மா, போலீசில் எழுதிக் கொடுத்து முத்திரை போட்ட நகலை வாங்குங்கள், அதைக் காட்டினால் அதே எண்ணில் வேறு சிம் தருவார்கள் என்றாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட ஒத்தை ரிங்காரர், வங்கிக்காரரின் ஃபோனை வாங்கித் தன் எண்ணுக்கு ஒரு ரிங் விட்டுத் துண்டித்தார்.

"முழுசா அடிக்க விடுங்க. எடுத்தாலும் எடுப்பான்" என்றார் வங்கிக்காரர்.

"எடுத்துட்டா உங்க காசுல்ல போகும்" என்றார் இவர்.

சிம்மை முடக்க அவர் சம்மதிக்கவே இல்லை. அதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. முடக்கிவிட்டால் கூப்பிடுகிறவர்களுக்கு, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லும். ஆள் செத்துவிட்டான் அல்லது தொழிலை விட்டுவிட்டான் என்று நினைத்து, அடுத்த தெருவில் பெரிய பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறவனிடம் போய்விடுவார்கள். முடக்காமல் விட்டால் மணியாவது அடிக்கும். அடித்தால், எடுக்கவில்லை, ஏதோ வேலையாக இருக்கிறார் என்று நினைப்பார்கள். அது வாடிக்கையாளர்களுக்குப் பழகிய விஷயம்தான். ஆக, கடையைத் திறந்து வைத்துக்கொள்ளும் பொறுப்பைத் திருடனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் போலீஸ் நிலையம். அடையாள எண்ணுக்காகப் பெட்டியைக் கொண்டுபோயிருந்தார். ஒன்பது வருஷமாக அந்தப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தார் என்பது உண்மை; அதில் வாஷர் போட்டு வைத்திருந்தார் என்பதும் உண்மை. பதினைந்து இலக்கத்தில் கடைசி நாலு இலக்கத்தைக் கிரீஸ் தின்றுவிட்டிருந்தது. புகார் எழுதுகிற காவலர் பதினொரு இலக்கத்தை எழுதிவிட்டு நாலு புள்ளி வைத்தார். மிச்சத்தை ஆள் பிடிபட்டதும் ஃபோனைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னார். யார் மேலாவது சந்தேகம் உண்டா என்ற கேள்விக்கு இவர் யோசிக்காமல் அடுத்த தெருப் பலகைக்காரனைச் சொன்னார். காவலர் பேனாவை மூடி வைத்துவிட்டு முத்திரையை எடுத்தார்.

வியாழக்கிழமை மனைவி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். ஃபோன் கம்பெனியின் அலுவலகத்தில் கதவைத் திறந்ததும் ஒரு இயந்திரம் டோக்கன் துப்பியது. ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு மூன்றாவது மேசைக்குக் கூப்பிட்டார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளம்பெண் ஒருத்தி அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தாள், புகார் நகலைப் பார்த்தாள், பிறகு திரையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

விஷயம் இதுதான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவர் அந்த சிம்மை ஒரு குடைக் கடையில் வாங்கினார். அப்போது எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தைக் குடைக்காரர் ஒரு சாக்கில் போட்டார். அதற்குப் பிறகு கம்பெனி இரண்டு கை மாறிவிட்டது. சாக்கு எந்தக் கைக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. திரையில் அவர் எண்ணுக்கு நேரே பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 'பழைய வாடிக்கையாளர்' என்று மட்டும் இருந்தது. மாதாமாதம் பில் கட்டுகிறவன் என்றால் கம்பெனிக்கு அவன் வீட்டு வாசல் நிறம்கூடத் தெரிந்திருக்கும். முன்கூட்டியே காசைக் கொடுத்துவிட்டுப் பேசுகிறவன் யாராக இருந்தால் என்ன? கடன் வைக்காதவனை உலகம் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அவரும் அதுவரை அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு விதி இருந்தது. கடந்த முப்பது நாளில் அந்த எண்ணிலிருந்து அதிகமாகப் பேசிய ஐந்து எண்களைச் சொல்ல வேண்டும். அதில் மூன்று எண்ணாவது பொருந்தினால் சிம் கிடைக்கும்.

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று மனைவியின் எண்ணைச் சொன்னார். மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான்.

"இல்ல சார்" என்றாள் அந்தப் பெண்.

"நல்லாப் பாரும்மா. இது என் சம்சாரம் நம்பர். தினமும் மூணு தடவையாவது கூப்பிடுவேன்."

"எடுத்துப் பேசின கால் மட்டும்தான் சார் இதுல வரும். எடுக்காதது வராது."

மனைவி தன் ஃபோனைப் பார்த்து மற்ற எண்களைச் சொன்னாள். மகளுடைய எண். இல்லை. மச்சானுடைய எண். இல்லை. சாமான் கடை, டயர்க் கடை, எதுவும் இல்லை. வேண்டுமானால் மூன்று மாதம் பின்னால் போய்ப் பார்க்கவா என்று அந்தப் பெண் தயவாகக் கேட்டாள்.

"வேண்டாம்மா. பதினாறு வருஷம் பின்னாடி போனாலும் இருக்காது" என்றாள் மனைவி.

அப்படியென்றால் அந்தப் பட்டியலே காலியா என்று அவர் கேட்டார். காலியாக இல்லை என்பதுதான் அடுத்த அடி. திங்கட்கிழமை மதியத்திலிருந்து எண்பத்தாறு அழைப்புகள் போயிருந்தன. எடுத்தவன் வாய் ஓயாமல் பேசியிருந்தான். பதினாறு வருஷத்தில் இவர் பேசாததை அவன் நாலு நாளில் பேசிவிட்டான். இப்போது அந்த எண்ணின் ஐந்து முக்கியமான உறவுகள் யார் என்றால், அவனுடைய உறவுகள்.

"அப்ப அவன் வந்து அஞ்சு நம்பர் சொன்னா அவனுக்குக் குடுத்துடுவீங்களா?"

அந்தப் பெண் சங்கடத்தோடு மேசையைப் பார்த்தாள். விதிப்படி பார்த்தால் அப்படித்தான் என்றாள். முடக்குவதற்காவது வழி உண்டா என்றால், முடக்கச் சொல்லவும் உரியவராக இருக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னாள். இவர் உரிமை கோரி இன்று விண்ணப்பம் கொடுத்துவிட்டதால், பத்து நாளுக்குள் நிரூபிக்காவிட்டால் எண்ணையே ரத்து செய்துவிடுவார்கள். சில மாதம் கழித்து யாரோ ஒரு புது ஆளுக்குப் போய்விடும். எண்ணூறு மோட்டாரின் முதுகில் இருக்கிற மஞ்சள் பெயிண்ட் அந்த முகம் தெரியாதவனுக்காக உழைக்கும்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வாயையே திறக்காமல் கெட்ட தவளை இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பஸ் நிறுத்தத்தில் மனைவி பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், தினமும் மூணு தடவை கூப்பிடுவேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களே, கூப்பிட்டது நீங்களா நானா என்று கேட்டாள். ரெண்டு பேரும்தான் என்றார் அவர். அவளுக்கு வருத்தமாக இருந்தது. தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் தெரிந்திருப்பது வேறு, முன்பின் தெரியாத ஒரு பெண் திரையைப் பார்த்து 'இல்லை' என்று சொல்வது வேறு. அவருக்கோ பத்து நாள் என்பது தவிர வேறு எதுவும் காதில் ஏறவில்லை. கேட்ட அன்று இரவே கனவில் ஒரு மோட்டார் மஞ்சள் எண்ணைக் காட்டாமல் திரும்பிப் படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில் மனைவி கணவனின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டால் முழுசாகத்தான் கூப்பிடுவாள். நாலாவது ரிங்கில் எடுத்தார்கள்.

"மோட்டார் ரிப்பேர். சொல்லுங்க" என்றது ஓர் இளவட்டக் குரல்.

அவள் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டாள். நான் மோட்டார்க்காரரின் மனைவி என்று சொன்னபிறகு திகைப்பது அவன் முறையாயிற்று. ஆனாலும் வைத்துவிடவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். முதல் நாள் எடுக்காமல் பார்த்தான். தாங்கவில்லை. "தண்ணி இல்லாம கூப்பிடுறாங்கக்கா. கேட்டா பாவமா இருக்கு" என்றான். பெயர், வீடு, கோளாறு என்ன என்று எல்லாம் விசாரித்து, நாளைக்குப் பதினோரு மணி, மறுநாள் மூணு மணி என்று நேரமும் கொடுத்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தான். யார் போவார்கள் என்பதைத்தான் அவன் யோசிக்கவில்லை.

அவன் திருடவில்லை என்றான். பஸ் நிலையத்தில் ஒருவனிடம் வாங்கினானாம். தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன் என்று சொல்கிற நோயாளிகளிடம் காட்டுகிற அதே முகத்தோடு அவள் நம்புகிறேன் என்று சொன்னாள். சிம்மைத் தரச் சொன்னதற்கு மட்டும் தயங்கினான். ஊரில் அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, தனியாக இருக்கிறாள், தினமும் நாலு தடவையாவது பேச வேண்டும், கையில் காசில்லை. "இவ்ளோ பாலன்ஸ நான் என் ஜென்மத்துல பார்த்ததில்லக்கா. அண்ணன் பெரிய ஆளா?" என்று கேட்டான். பாலன்ஸ் முடிந்ததும் சிம்மைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவதாக நேர்மையாக வாக்குக் கொடுத்தான்.

அதுவரை காத்திருக்கப் பத்து நாள் கெடு விடாது என்று அவளுக்குத் தெரியாதா? பல் பிடுங்குகிற இடத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தவள் அவள். வலிக்கிற பல்லை முதலில் தொடக் கூடாது. அன்று அவன் பேசுகிற எண் எதையும் கேட்காமல், காகிதத்தில் எழுதி வைத்திருந்த வீடுகளின் விவரத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வைத்துவிட்டாள். சாயந்திரம் அவனே கூப்பிட்டான். புதிதாக இரண்டு வீடு சேர்ந்திருந்ததாம்.

இப்படியாக ஒத்தை ரிங்காரரின் தொழில் அடுத்த சில நாள் என்றைக்கும் இல்லாத ஒழுங்கோடு நடந்தது. திருடன் நேரம் கொடுத்தான், மனைவி எழுதினாள், இவர் போனார். சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி வந்து நின்ற மோட்டார் அண்ணனைப் பார்த்து வாடிக்கையாளர்கள் திகைத்தார்கள். ஃபோன் இல்லாததால் கதவையும் தட்டினார். எவனோ ஒரு பொறுக்கி என் கடையில் உட்கார்ந்து எனக்கே வேலை சொல்வதா என்று அவர் வீட்டில் குதித்தார். குதித்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு எந்த வீடு என்று கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவள் தன் மேசையில் இருந்த நோயாளி விவரப் படிவம் ஒன்றை எடுத்தாள். கண் டாக்டர் ஒருவர் அவளுடைய டாக்டரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். சொன்னால் காசு வாங்காமல் பார்ப்பார். அதை அவள் நிஜமாகவே பேசி முடித்திருந்தாள். அம்மாவின் பெயர் என்ன, வயது என்ன, கூப்பிட வேண்டிய எண் என்ன என்று ஃபோனில் அவனிடம் கேட்டாள். அம்மா எடுக்காவிட்டால் யாரிடம் சொல்வது? அக்காவின் எண்ணைச் சொன்னான். படிவத்தில் இருந்த கட்டமெல்லாம் நிரம்பியது. அவளுக்கு அப்போது மனசு உறுத்தியது. அதனால் வைப்பதற்கு முன்னால் உள்ளதைச் சொல்லிவிட்டாள். நாளைக்கு லைன் போயிடும் தம்பி, அம்மாவுக்குப் புதன்கிழமை பத்து மணி, ஞாபகம் வெச்சுக்கோங்க. அவன் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரிக்கா. அந்த லாண்டரிக்கார அம்மா நாளைக்கு ஒரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அண்ணன்கிட்ட மறந்துட வேண்டாம்னு சொல்லுங்க" என்றான்.

மறுநாள் காலை முதல் டோக்கன் வாங்கினார்கள். அதே மேசை, அதே பெண். மனைவி படிவத்தைப் பார்த்து முதல் எண்ணைச் சொன்னாள். இருக்கிறது. இரண்டாவது எண். அதுவும் இருக்கிறது. இரண்டுதானே கிடைத்தது, மூன்றாவதற்கு எங்கே போவது என்று அவர் முந்தின ராத்திரி பத்துத் தடவை கேட்டிருந்தார். இருக்கு, பார்த்துக்கலாம் என்று மட்டும் அவள் சொல்லியிருந்தாள். இப்போது காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, தன் சொந்த எண்ணையே சொன்னாள்.

"இருக்கு மேடம்" என்று அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அன்னைக்குத்தான் இல்லாம இருந்தது. இப்ப ஏழு கால் இருக்கு. ஒரு கால் முப்பத்தெட்டு நிமிஷம்."

திருடனின் அம்மாவும், திருடனின் அக்காவும், அவருடைய மனைவியும் சேர்ந்து சாட்சி சொன்னதில், அவர் அவர்தான் என்று நிரூபணம் ஆயிற்று. பெயர்க் கட்டத்தில் அவர் பெயர் ஏறியது. அந்தப் பெண் கைகுலுக்கினாள். வாங்கிய சிம்மைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தவர், உலகத்தையே மீட்டுவிட்டவர் மாதிரி நடந்திருக்க வேண்டியது. ஆனால் நாலு எட்டு வைப்பதற்குள் நின்றுவிட்டார்.

"முப்பத்தெட்டு நிமிஷம் என்னதான் பேசின அவன்கூட?"

"அவன் ஒண்ணும் பேசல. நான்தான் பேசினேன். அவன் கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"வேலை எப்படி இருக்குக்கா, பொண்ணு நல்லாப் படிக்குதான்னு கேட்டான். சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, அவள் தன் வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பழைய ஃபோன் ஒன்றை டயர்க் கடைக்காரர் கொடுத்தார். சிம்மைப் போட்டதும் உயிர் வந்துவிட்டது. பாலன்ஸைத் தட்டிப் பார்த்தார். பதினாறு வருஷச் சேமிப்பில் இரண்டு அழைப்புக்குத்தான் மிச்சம் இருந்தது. இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார், அதேதான். ஆனாலும் எண் திரும்பிவிட்டது, மஞ்சள் பெயிண்ட் பிழைத்துவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டு லாண்டரிக்குப் போனார்.

வாசலில் நின்று, மனைவி எழுதிக் கொடுத்திருந்த எண்ணுக்கு ஒரே ஒரு ரிங் விட்டார். லாண்டரிக்கார அம்மா வெளியே வந்து, கதவு திறந்துதானே இருக்கு, உள்ள வர வேண்டியதுதானே என்றார். இவர் நேரே மோட்டாரிடம் போனார். பேரிங் தேய்ந்திருந்தது. கழற்றி, மாற்றி, முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மா பக்கத்திலேயே நின்று, ஈரத் துணியெல்லாம் குவிந்து கிடப்பதையும், வேலைக்கு இருந்த பெண் நின்றுவிட்டதையும் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உடம்பு கிடம்பு சரியில்லையா? அன்னைக்கு ஃபோன்ல எவ்ளோ தன்மையா விசாரிச்சீங்க" என்றார் அந்த அம்மா.

அது நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் என்று கேட்பார்கள். "வேலை நேரம்ல்லம்மா" என்று முணுமுணுத்தார். அந்த அம்மா, இனிமே ஃபோன்லயே பேசிக்கலாம் போல இருக்கு என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். சிரிப்பில் கெடுதல் ஒன்றும் இல்லை. அவருக்குத்தான் எங்கோ சுருக்கென்று தைத்தது. இந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காக ஒரு வாரம் நாயாக அலைந்தார். காப்பாற்றி எடுத்து வந்து பார்த்தால், அதில் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் வேறு ஒருவனைத் தேடினார்கள்.

சுவிட்சைப் போட்டார். மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது. அச்சை வைத்துப் பெயிண்ட் அடிக்க வேண்டிய இடத்தைத் துடைத்தவர், துணியைக் கீழே போட்டுவிட்டு லாண்டரியின் பின்வாசல் படியில் உட்கார்ந்தார். மனைவியின் எண்ணைத் தட்டினார்.

ஒரு ரிங் போயிற்று. கட்டை விரல் தன்னால் சிவப்புப் பொத்தானுக்குப் போனது; இழுத்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு. மூன்று. அவள் எடுக்கவில்லை. அவள் ஏன் எடுக்கப் போகிறாள் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஐந்து. ஆறு. கல்யாணத்துக்கு முன்னால்கூட யாருக்காகவும் இப்படிக் காத்திருந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. எட்டாவது ரிங்கில் எடுத்துவிட்டாள்.

"ஹலோ" என்றாள்.

என்ன சொல்வது என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. சாவியும் தொலையவில்லை, வர நேரமாகும் என்பதும் இல்லை.

"ஒண்ணுமில்ல" என்றார். "சும்மாதான் கூப்பிட்டேன்."

 அந்தப் பக்கம் பின்னால் எங்கோ பல்லைக் குடைகிற இயந்திரம் ஓடுவது கேட்டது. பிறகு அவள், நாள் முழுக்க நோயாளிகளிடம் கேட்கிற அதே மரியாதையான குரலில் கேட்டாள்.

"யாருங்க பேசுறது?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயரை, அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து, முழுசாகச் சொன்னார்.